ஐம்பதாம் எண் சாலையில் ஒரு நடுக்கம்

ஃபாலன் ஊரைத் தாண்டிப் பத்துப் பதினைந்து மைல் போயிருப்போம். கியர் பெட்டிக்குப் பக்கத்துக் குழியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. குளத்தில் கல் எறிந்தால் வருமே, அந்த மாதிரி. ஆனால் கல் விழுவது நிற்கவே இல்லை.

“வந்துருச்சுங்க மாமா” என்றான் மருமகன்.

வேகமானி 62-ஐத் தொட்டிருந்தது. இங்கே எல்லாம் மைல் கணக்கு. நம் கணக்கில் நூறு கிலோமீட்டர்.

அக்கா மகன். சாக்ரமென்டோவில் மென்பொருள் வேலை, பன்னிரண்டு வருடமாக. பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். அமெரிக்காவில் இதற்குப் பெயர் ட்ரக். நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவனிடம் இதைக் காட்டி ட்ரக் என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? பின்னால் நாலு மூட்டை ஏற்றினால் நிறைந்துவிடும். ஆனால் நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் இழுவை போகிற வண்டி. மலைக்குப் போகும்போது மட்டும் லீவரைத் தள்ளி முன்சக்கரத்தைச் சேர்த்துக்கொள்கிற ரகம் இல்லை. லீவரே கிடையாது. பால் வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் நான்கும் சேர்ந்துதான் இழுக்கும். அந்த ஒரு விஷயம்தான் பிறகு எங்களை வெகுநேரம் சுற்றவிட்டது.

எட்டு மாதமாக இந்த வண்டியின் முன்பக்கம் நடுங்குகிறதாம். புது டயர் போட்டாயிற்று, இரண்டு முறை பாலன்சிங், ஒரு முறை அலைன்மென்ட். ஸ்டீயரிங் துள்ளியது நின்றுவிட்டது. நடுக்கம் மட்டும் போகவில்லை, தரைக்கு இறங்கிவிட்டது. மூன்றாவது பட்டறைக்காரர் இந்த வயது வண்டி இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. எங்கப்பா இரண்டு லாரி வைத்திருந்தார். இரண்டுமே வாங்கும்போதே கிழவிகள். வயதானதால் நடுங்குகிறது என்று எந்த டிரைவராவது அவரிடம் வந்து சொல்லியிருந்தால் அன்றோடு சாவியை வாங்கிக்கொண்டிருப்பார்.

“ஈலி வரைக்கும் போயி, அப்பறம் கிரேட் பேசின் பார்க்கு பாத்துட்டு வந்தர்லாங்க மாமா. ரோடு நேரா இருக்கும், வண்டி கம்மி. நீங்களே பாருங்க” என்று கூட்டி வந்திருந்தான்.

சாக்ரமென்டோவுக்கு அக்கரையில் இந்த ஐம்பதாம் எண் சாலை தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. ஓஷன் சிட்டி, மேரிலாந்து, 3073 மைல். அட்லாண்டிக் கரையில் இருக்கும் ஊருக்கு இங்கேயே பலகை வைத்துவிட்டார்கள். நாங்கள் ஓட்ட வந்தது அதில் நெவாடா மாநிலத் துண்டு. 1986-இல் லைஃப் பத்திரிகை இந்தத் துண்டுக்கு அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று பெயர் வைத்தது. வராதீர்கள் என்று எச்சரிக்க எழுதியது. நெவாடாக்காரர்கள் அதையே விளம்பரமாக்கிவிட்டார்கள். ஒவ்வோர் ஊரிலும் முத்திரை வாங்கிக்கொள்ள ஒரு புத்தகம் போட்டார்கள். எங்களிடமும் ஒன்று இருந்தது. ஃபாலனில் குத்தியாயிற்று.

ஃபாலனுக்குக் கிழக்கே மணல் மலை என்று ஒன்று. அறுநூறு அடி உயரம், முழுக்க மணல். பனியுகத்தில் இங்கே பெரிய ஏரி இருந்து வற்றிப்போனது. அதன் மணலைக் காற்று வாரிக் கொண்டுவந்து ஒரு மூலையில் குவித்திருக்கிறது. நன்றாகக் காய்ந்த நாளில் மேலிருந்து மணல் சரிந்தால் மலை முனகுமாம். கோடிக்கணக்கான மணிகள் ஒன்றோடொன்று ஒரே தாளத்தில் உரசி எழும் ஒலி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஏறி, சறுக்கிப் பார்த்தோம். எங்களுக்கு முனகவில்லை. மலை சும்மா இருக்கிறது, வண்டி முனகுகிறது என்றேன். மருமகன் சிரிக்கவில்லை.

இந்த நிலத்தின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். நெவாடாவில் பூமியின் மேலோடு கிழக்கும் மேற்குமாக இழுபட்டு, விரிசல் விட்டு, வடக்கு தெற்காக வரிசை வரிசையாக மலைத்தொடர்களும் நடுநடுவே தட்டைச் சமவெளிகளுமாகக் கிடக்கிறது. சாலை அதைக் குறுக்கே வெட்டிப் போகிறது. ஒரு கணவாய் ஏறுகிறோம், இறங்குகிறோம், பதினைந்து மைலுக்கு மேல் கோடு போட்டதுபோல் ஒரு சமவெளி, மறுபடி ஒரு கணவாய். சாம்பல் பச்சையில் சேஜ் புதர்களைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. பார்க்க வருகிறவர்களுக்கு அலுப்பாக இருக்கலாம். நடுங்குகிற வண்டியில் வருகிறவனுக்கு இதைவிடப் பெரிய பட்டறை கிடைக்காது. ஏற்றத்தில் எஞ்சின் சுமை இழுக்கும்போது நடுக்கம் எப்படி, இறக்கத்தில் காலை எடுத்ததும் எப்படி, சமவெளியில் ஒரே வேகத்தில் எப்படி? மூன்று கேள்வியையும் சாலையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் கேள்வியைச் சமவெளியிலேயே முடித்தோம். 65-இல் போய்க்கொண்டிருக்கும்போது, முன்னும் பின்னும் ஒரு வண்டியும் இல்லாத இடமாகப் பார்த்து, சில விநாடி நியூட்ரலில் போடச் சொன்னேன். எஞ்சின் சத்தம் அடங்கியது. நடுக்கம் அப்படியே இருந்தது. எஞ்சின் கணக்கில் இல்லை. பிரேக்கை லேசாகத் தொட்டுப் பார்த்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டிஸ்க்கும் இல்லை.

இரண்டாவது கேள்வியை ஆஸ்டின் ஊரைத் தாண்டிய ஏற்றத்தில் கேட்கலாம் என்று இருந்தேன். அங்கே கொண்டை ஊசிகள். 7,484 அடிக் கணவாய்க்கு ஏறும் வரை நாற்பதைத் தாண்ட முடியவில்லை. அறுபதுக்கு மேல்தான் வருகிற நோயை நாற்பதில் எங்கே தேடுவது? சும்மா மலையைப் பார்த்துக்கொண்டு ஏறினோம். பிறகு வந்த ஹிக்கிசன் கணவாய் சாதுவான ஏற்றம். ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டு ஏறினோம், மறுபக்கம் காலை எடுத்துவிட்டு இறங்கினோம். இரண்டிலும் ஒரே நடுக்கம். சக்கரத்துக்குப் போகும் அச்சின் உட்புற மூட்டு தேய்ந்திருந்தால் இழுவையில் கூடி, காலை எடுத்ததும் அடங்கியிருக்கும். அகலமான வளைவுகளில் வண்டி இடமும் வலமும் சாய்ந்தபோதும் சத்தம் மாறவில்லை. வீல் பேரிங்கும் இல்லை.

“அப்ப டயருதான் மாப்ளே” என்றேன்.

“ரெண்டு தடவ பாலன்ஸ் பண்ணிருக்குதுங்க மாமா.”

“பண்ணுனவனோட கண்ண யாரு பாலன்ஸ் பண்ணுனா?”

இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. அன்று அவ்வளவு உறுதியாகத்தான் சொன்னேன்.

இரவு யுரேகாவில் தங்கினோம். வெள்ளிச் சுரங்கம் கொழித்த காலத்து ஊர். 1880-இல் கட்டிய நாடகக் கொட்டகை இன்னும் நிற்கிறது. அதை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. காலையில் விடுதி வாசலிலேயே ஜாக்கி போட்டு, ஸ்டெப்னியை நடுவில் தாங்கலுக்குப் போட்டுப் போட்டு, முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்குமாக மாற்றினோம். இரண்டு மணி நேரம். டயரில் கோளாறு இருந்தால் நடுக்கம் பின்பக்கம் போயாக வேண்டும். ரிம்மில் ஒட்டியிருந்த எடைகளைச் சுரண்டிப் பார்த்தேன். ஈயம் இல்லை, எஃகு. கலிபோர்னியாவில் 2010-லிருந்து சக்கர எடைக்கு ஈயம் கூடாது. உதிர்ந்து விழுந்து நசுங்கி மழைத் தண்ணீரில் கலக்கிறதாம். ஈயக்கட்டியைச் சுத்தியலால் தட்டி ரிம்மில் சொருகிய கை என்னுடையது. அந்த எஃகுத் துண்டைப் பார்க்கப் புதுசாக இருந்தது.

நட்டுகளை முறுக்கி, கை கழுவி, ஊரைத் தாண்டி 62 தொட்டோம். நடுக்கம் வந்தது. முன்னாலேயே.

நான் ஒன்றும் பேசவில்லை. அவனும் பேசவில்லை. அது அவனுடைய நல்ல குணம்.

ஐந்து மைல் கழித்து, “மாமா, ஒன்னு காட்டட்டுங்களா?” என்று செல்பேசியை எடுத்துக் கொடுத்தான். அதற்குள் அசைவை அளக்கும் சில்லு இருக்கிறதே, அதைக்கொண்டு விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று வரைந்து காட்டும் செயலி. முந்தைய நாளே வைத்திருந்திருக்கிறான். மாமா டயர் என்று சொல்லிவிட்டாரே என்று வாயைத் திறக்கவில்லை. செல்பேசியை என் காலடியில் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவன் 65-இல் பிடித்து ஓட்டினான். திரையில் 12-க்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு. 44-இல் ஒரு மலை.

கணக்கு எனக்கே வந்துவிட்டது. டயர் உயரம் 31 அங்குலம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் போகும். 65 மைல் வேகத்தில் விநாடிக்கு 29 மீட்டர். ஆக, சக்கரம் விநாடிக்குப் பன்னிரண்டு சுற்றுக்கு ஒரு மயிரிழை குறைவு. டயரோ ரிம்மோ டிஸ்க்கோ எது கோணினாலும் நடுக்கம் 12-இல்தான் வர வேண்டும். அந்த மேடு இருக்கிறது, ஆனால் பொடிசு. இந்த வண்டியின் கிரவுன் விகிதம் 3.73. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற அதற்கு முன்னால் இருக்கும் ஷாஃப்ட் 3.73 சுற்றுச் சுற்றும். பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவான அந்த எண்ணை அதால் பெருக்கினால் 44.

நோய் சக்கரத்தில் இல்லை. ஷாஃப்டில். எட்டு மாதமாக எல்லோரும் சக்கரத்தையே கழற்றியிருக்கிறார்கள், இன்று காலை நான் உட்பட. அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. முதலில் இரண்டு நடுக்கம் இருந்திருக்கிறது; பாலன்சிங்கில் பெரியது போனதும் அடியில் கிடந்தது தெரிந்தது. யோசித்தால் கையே சொல்லியிருக்க வேண்டியது. 12-இல் வருவது ஸ்டீயரிங்கில் குத்தும், எண்ணிவிடலாம்போல் இருக்கும். 44-இல் வருவதை எண்ண முடியாது. பாதத்தில் வண்டு பறக்கிற மாதிரி இருக்கும். பாட்டில் தண்ணீரில் அவ்வளவு நெருக்கமாக வரி ஓடியது அதனால்தான்.

ஆனால் ஷாஃப்ட் இரண்டு. நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. விகிதம் ஒன்றே என்பதால் இரண்டும் 44-தான் சுற்றும். செல்பேசியைப் பின்சீட்டுத் தரைக்குக் கொண்டுபோனேன். மலை பாதியாகக் குறைந்தது. முன்னால்தான் என்று தோன்றியது. அடித்துச் சொல்ல முடியவில்லை.

லீவர் வைத்த வண்டியாக இருந்தால் வேலை சுலபம். முன் ஷாஃப்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓட்டினால் தெரிந்துவிடும். அவன் நண்பர்களும் அதைத்தான் சொன்னார்களாம். இதில் கூடாது. முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பங்கு போடும் இடத்தில் ஒரு டிஃபரென்ஷியல் இருக்கிறது. அதோடு சேர்ந்து, கெட்டியான சிலிக்கோன் திரவத்தில் தட்டுகள் மூழ்கிய டப்பா ஒன்று. ஒரு பக்கம் ஷாஃப்ட் இல்லையென்றால் இழுவையெல்லாம் அந்த வெறும் பக்கமாகத் தப்பி ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துகிற வேலை முழுக்க அந்தத் திரவத்தின் தலையில் விழுந்து கொதித்துப்போகும். நடுக்கத்தைக் கண்டுபிடிக்கப் போய்ப் பெரிய செலவில் மாட்டிக்கொள்வோம். வண்டியின் சிறப்பு எதுவோ அதுவே சோதனைக்கு முட்டுக்கட்டை.

யுரேகாவிலிருந்து ஈலிக்கு எழுபத்தேழு மைல், நடுவில் நான்கு கணவாய். கடைசி ராபின்சன் கணவாய், 7,607 அடி. ஐம்பத்தைந்துக்கு மேல் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பின்னால் வந்த ஓரிரு வண்டிகளும் கையைக் காட்டிவிட்டு முந்திப் போயின.

ஈலியில் ஒரு ஒற்றை லிஃப்ட் பட்டறை. உரிமையாளருக்கு எழுபது இருக்கும். மருமகன் எட்டு மாதக் கதையைத் தொடங்கினான். அவர் கேட்கவில்லை. மூன்றே கேள்வி. எந்த வேகத்தில் வருகிறது? கையிலா காலிலா? காலை எடுத்தால் நிற்கிறதா? மருமகன் செல்பேசியை நீட்டி 44 என்றான். அவர் புருவத்தைத் தூக்கி ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியை மேலே ஏற்றினார்.

அடியில் நின்று பார்த்ததும் எனக்கே தெரிந்தது. முன் ஷாஃப்டின் பின்முனையைச் சுற்றிச் செம்பொடி தெறித்திருந்தது. துருப்பொடி. கிரீஸ் வற்றி ஊசி பேரிங் அரைபட்டால் அந்த நிறத்தில்தான் வெளியே வரும். எங்கள் ஊரில் லாரிக் கிளீனர் பையனுக்கே இது பாலபாடம். மூன்று பட்டறைகளும் வண்டியைத் தூக்கியிருக்கின்றன. சக்கரத்தைப் பார்த்தவர்கள் ஒரு முழம் உள்ளே பார்க்கவில்லை.

அவர் முன்முனையில் போல்ட்டுகளை அவிழ்த்து ஷாஃப்டைத் தொங்கவிட்டு, மூட்டைக் கையால் அசைத்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் என் கையில் கொடுத்தார். எப்படித் தெரிந்துகொண்டாரோ, நானும் அந்த ஜாதிதான் என்று. மூட்டு ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போனது, நடுவில் ‘கட்’ என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. தள்ளினால் மறுபடி வழுக்கல். இழுத்தால் மறுபடி ‘கட்’. வருடக்கணக்காக ஒரே கோணத்தில் சுற்றியதில் ஊசிகள் தங்களுக்கென்று குழி பறித்துக்கொண்டிருந்தன.

ஷாஃப்டில் சிலுவை மூட்டு ஒன்று சாய்வாக வேலை செய்தால், ஒரு சுற்றுக்குள் மறுமுனை இரண்டு தரம் வேகமாகவும் இரண்டு தரம் மெதுவாகவும் ஓடும். லாரிகளில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சிலுவையை நேர்ப்படுத்தி வைத்து, ஒன்றின் கோணலை மற்றொன்றால் அடித்துவிடுவோம். இந்த வண்டியின் முன் ஷாஃப்ட் குட்டை, சாய்வும் ஒரு முனையில்தான் அதிகம். ஆகவே அந்த முனையிலேயே இரண்டு சிலுவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவே கோலிகுண்டு மாதிரி ஒரு உருண்டையை வைத்திருக்கிறார்கள். இரண்டையும் மையத்தில் நிறுத்துவது அந்த உருண்டை. அது தேய்ந்தால் ஷாஃப்ட் மையம் விட்டு ஆடும். அதற்குக் கிரீஸ் போடும் நிப்பிள் வழக்கம்போல் துருத்திக்கொண்டு இருக்காது. பள்ளத்துக்குள் ஒரு பொட்டு. சாதாரண கிரீஸ் கன் வாய் அதில் உட்காராது. ஊசி மாதிரி மூக்கு வைத்த கன் வேண்டும். அதுவும் ஷாஃப்டை ஒரு குறிப்பிட்ட நிலைக்குத் திருப்பி வைத்தால்தான் எட்டும். ஆயில் மாற்றும் இடங்களில் வெளியே தெரிகிற நிப்பிள்களுக்கு எல்லாம் அடித்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள் என்றார் பெரியவர். லீவர் வண்டிகளில் முன் ஷாஃப்ட் பெரும்பாலும் சுமையில்லாமல் கிடக்கும். பத்து வருடம் கிரீஸ் இல்லாமலும் தப்பிக்கலாம். இந்த வண்டியில் அதற்கு ஒரு நாள்கூட விடுப்பில்லை.

மாற்று ஷாஃப்ட் சால்ட் லேக் சிட்டியிலிருந்து மறுநாள் மதியம் வரும் என்றார். அதுவரை என்ன செய்வது? கிழக்கு ஈலியில் ரயில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார்.

நான் எதிர்பார்க்கவே இல்லை. செம்பு தாது இழுக்க 1906-இல் போட்ட நெவாடா நார்தர்ன் ரயில்பாதை. சுரங்கம் மூடிய பிறகும் நிலையம், பட்டறை, கடைசல் இயந்திரங்கள் எல்லாம் விட்டது விட்டபடி இருக்கின்றன. 1910-இல் பால்ட்வின் கம்பெனி செய்த நாற்பதாம் எண் நீராவி எஞ்சினை இன்னும் ஓட்டுகிறார்கள். பட்டறைக்குள் நிலக்கரியும் எண்ணெயும் கலந்த வாசம். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ஆரக்கால்களுக்கு நடுவே ஒரு பக்கம் பிறை வடிவில் இரும்பை நிரப்பி வார்த்திருக்கிறார்கள். மருமகனின் ரிம்மில் ஒட்டியிருந்த எஃகுத் துண்டுக்கு இதுதான் கொள்ளுத்தாத்தா. எதிர்ப்பக்கம் மாட்டியிருக்கும் கனத்த இணைப்புத் தண்டுகளை ஈடுகட்டத்தான் அந்தப் பிறை. சுற்றுகிற எடையை இப்படி முழுக்க ஈடுகட்டிவிடலாம். முன்னும் பின்னும் போய்வரும் பிஸ்டனின் எடையை முடியாது. அதற்காகப் பிறையில் கூடுதலாக இரும்பு வைத்தால் அந்தக் கூடுதல் சக்கரம் சுற்றும்போதெல்லாம் தண்டவாளத்தை மேலிருந்து அடிக்கும். சுத்தியலடி என்றே அதற்குப் பெயர். எஞ்சின் முன்னும் பின்னும் உலுக்குவது பரவாயில்லையா, தண்டவாளம் அடிபடுவது பரவாயில்லையா என்று பேரம் பேசி, பாதியில் ஒரு எடையை வைத்துவிட்டுப் போனார்கள். நூறு வருடம் அந்தப் பாதியில்தான் ரயில் ஓடியது. மருமகன் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு ஷாஃப்ட் மாட்டியாயிற்று. பெரியவர் தேய்ந்த மூட்டை அறுத்து அந்த உருண்டையை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் முகம் போய்த் தட்டையாகியிருந்தது. எடுத்துக்கொள் என்றார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கான்னர்ஸ் கணவாய் ஏறி இறங்கியதும் நீண்ட சமவெளி. அதற்கு அப்பால், பனி ஒட்டிய 13,065 அடி வீலர் சிகரம். 60. 62. 65. பாட்டில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. செல்பேசியில் 44 இருந்த இடம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. 12-இல் அந்தப் பொடி மேடு மட்டும் அப்படியே.

“இதையும் பாத்தர்லாங்களா மாமா?”

“ஃபோன உள்ள வை மாப்ளே.”

பேக்கர் ஊர் பெட்ரோல் பங்கில், முத்திரை வாங்கப் போனவனைக் காணோம் என்று இறங்கினேன். எஞ்சினை அணைத்து நிறுத்தியிருந்த வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஈலியில் எனக்குத் தெரியாமல் ஊசிமூக்கு கிரீஸ் கன் வாங்கியிருக்கிறான்.

“புது ஷாஃப்ட்டுக்கு எதுக்குடா இப்ப கிரீசு?”

“போடலீங்க மாமா, எங்க இருக்குதுன்னு பாக்கறேன்.” சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு உடம்பை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். முழங்கையெல்லாம் மண். “பொட்டு மேல் பக்கம் திரும்பிருச்சுங்க. வண்டிய ஒரு அடி முன்னால நகத்துங்க.”

இடது பக்க ஸ்டீயரிங்கில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒரு அடி நகர்த்தி, அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டேன். மறுபடி உள்ளே போனான்.

“இன்னும் கொஞ்சங்க மாமா.”